கீழே போடத் தெரியாத சம்பூர்ணம்

காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சம்பூர்ணத்துக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். வார்டு ஆயாம்மா வேலை. முட்டி வலியோடு வரும் நெசவாளியானாலும் சரி, பட்டுக்கடை முதலாளியின் மாமியாரானாலும் சரி, படுக்கையிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வேண்டுமென்றால் நர்சுகள் ஆளனுப்புவது அவளுக்குத்தான். ஆள் அப்படியொன்றும் உயரமில்லை. தோள் மட்டும் அகலம். நோயாளியின் கைகளை எடுத்துத் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வாள். உடம்பைத் தன் மார்போடு சேர்த்துக்கொள்வாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு தூக்குவாள். தூக்கியது தெரியாது, இறக்கியதும் தெரியாது என்பார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் நடந்த ஒரு விஷயத்தை அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் சொல்வார்கள். வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மாளைச் சம்பூர்ணம் பாத்ரூமுக்குக் கூட்டிப் போயிருந்தாள். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கரண்டு போயிற்று. அந்த அம்மாளுக்கு மயக்கம் வந்து அப்படியே இவள்மேல் சாய்ந்தாள். வெளியே ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தில் இவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஈரத் தரையில் உட்கார வைத்தால் தையல் பிரிந்துவிடும். சுவரில் முதுகைக் கொடுத்து, அந்த அம்மாளை மார்போடு பிடித்துக்கொண்டு, இருபத்தைந்து நிமிடம் நின்றாள். ஆட்கள் வந்து வாங்கிக்கொண்ட பிறகு இவளுடைய கைகள் மடங்கினபடியே இருந்தன. மேரி என்ற இன்னொரு ஆயாம்மாதான் சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி நீவி விட்டாள்.

இப்படித் தூக்கித் தூக்கி முதுகு போயிற்று. முப்பத்தேழு வயதில், காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடியும். கணவர் சின்னப்பையனிடம் சொல்ல மாட்டாள். அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. பட்டு நூலைக் கொதிக்கும் தொட்டியில் முக்கி முக்கி எடுத்து, அவர் கை இரண்டும் மணிக்கட்டுவரை ஒரு வாரம் அரக்கு நிறத்திலும் மறு வாரம் மயில்கழுத்து நிறத்திலும் இருக்கும். அவருக்கும் முதுகு வலிதான். அவரும் சொல்வதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெபகுமார் என்ற இளைஞனின் அம்மா இடுப்பெலும்பு முறிந்து வார்டுக்கு வந்தார். நூற்று நாலு கிலோ. வார்டில் இருந்த பதினெட்டு நாளும் சம்பூர்ணம்தான் தூக்கிப் படுக்கவைத்து, திருப்பிப் போட்டு, தலை வாரி விட்டாள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று ஜெபகுமார் அவளை வராண்டாவில் நிறுத்தினான்.

"அக்கா, எங்கம்மாவ பூ மாதிரி பாத்துக்கினீங்க. எனக்கு செவிலிமேட்டுல ஜிம்மு இருக்குது. உங்களுக்கு முதுகு புடிச்சிக்கினு இருக்குதுன்னு நீங்க நடக்கறதுலயே தெரியுது. காலைல வாங்க. முதுக நான் சரி பண்றேன்."

"நானு? ஜிம்முக்கா? சும்மா இருப்பா நீ!"

"மூணு காலேஜ் பொண்ணுங்க வருதுங்க. நீங்களும் வாங்க. புடிக்கலன்னா வராதீங்க."

சம்பூர்ணத்தின் வீடும் செவிலிமேட்டில்தான், ஜிம்முக்கு இரண்டு தெரு தள்ளி. மகள் திரிஷா ஏனாத்தூர் காலேஜில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி, ஒருநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தாள். அடுத்த நாளும் போனாள். ஒன்றரை வருடத்தில் தரையிலிருந்து நூறு கிலோவை இடுப்புவரை தூக்கி நின்றாள். முதுகு வலி எப்போது போனதென்று அவளுக்கே நினைவில்லை.

ஒரு பொங்கல் கழிந்த வாரம் ஜெபகுமார் செல்போனைக் காட்டினான். ஆவணி மாதம் மாவட்ட அளவில் பளுதூக்கும் போட்டி. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

"பேர் குடுங்கக்கா. ஆனா ஒண்ணு. அதுல ரெண்டு மாதிரி தூக்கணும். ஒரே இழுப்புல தலைக்கு மேல கொண்டு போனா ஸ்நாட்ச். தோள்ல வாங்கி அப்பறம் மேல தள்ளினா கிளீன் அண்ட் ஜெர்க். அந்த ரெண்டும் எனக்கே ஒழுங்கா வராது. வீடியோ பாத்து கத்துக்கினது. தப்பா சொல்லிக்குடுத்து உங்க தோள நான் கெடுக்க மாட்டேன். அரக்கோணத்துல ஒருத்தங்க இருக்காங்க. கேட்டுப் பாக்கறேன்."

தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளைச் சம்பூர்ணத்துக்குப் பிடிக்கும். சரி என்றாள்.

அப்படி வந்தவள்தான் ரமணம்மா. ஆந்திராவில் விஜயநகரம் ஜில்லாவில் ஒரு கிராமம். பளுதூக்கியே ரயில்வேயில் வேலை வாங்கி, இப்போது அரக்கோணம் ஆபீஸில் ஃபைல் பார்க்கிறாள். முப்பத்தொரு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து, டவுன் பஸ் பிடித்து, செவிலிமேட்டில் இறங்கி நடந்து வருவாள். படி ஏறும்போது மட்டும் வலது காலை ஒரு கணம் தாமதமாக வைப்பாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். அவசரம் வந்தால் தெலுங்குதான் வாயில் வரும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ரமணம்மா சம்பூர்ணத்தின் கையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தாள். வீட்டுக்குத் தண்ணீர் பைப் போடுகிற அதே குழாய்.

"மேடம், நான் நூறு கிலோ தூக்குவேன்," என்றாள் சம்பூர்ணம், கொஞ்சம் ரோஷமாக.

"தெரியும்க்கா. ஜெபகுமார் வீடியோ அனுப்பினாரு. நீங்க கையால தூக்கறீங்க. கை வெறும் கயிறுக்கா. கயிறு எங்கயாவது தூக்குமா? கால்தான் தூக்கணும்."

கட்டை விரலை உள்ளே மடித்து அதன்மேல் மற்ற விரல்களைப் போட்டுப் பிடிக்கச் சொன்னாள். அந்தப் பிடியிலேயே உயிர் போனது. குழாய் உடம்பை உரசிக்கொண்டு மேலே வர வேண்டும், இடுப்புக்கு வரும்வரை அவசரப்படக் கூடாது, அப்புறம் ஒரே உதறு. அதெல்லாம் எப்படியோ வந்தது. வராதது அதற்கடுத்ததுதான்.

"கம்பிய மேல தூக்கப் பாக்காதீங்க. அது ஒரு நொடி நிக்கும். அந்த நொடில நீங்க அதுக்குக் கீழ போயி உக்காருங்க."

இத்தனை வருடத்தில் சம்பூர்ணம் பாரத்தைத் தன்னிடம் கொண்டுவந்திருக்கிறாளே தவிர, பாரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்ததில்லை. பயமாக இருந்தது. பிளாஸ்டிக் குழாய்க்கே பயந்தாள். மூன்று வாரம் குழாயோடு போயிற்று. நாலாவது வாரம் இரண்டு பக்கமும் ஐந்து கிலோ ரப்பர் பிளேட் மாட்டி, பார் என்கிற இரும்புக் கம்பியோடு சேர்த்து இருபத்தைந்து கிலோ கொடுத்தாள் ரமணம்மா. சம்பூர்ணம் அடியில் போய் உட்கார்ந்து, எழுந்து, தலைக்கு மேல் அசையாமல் பிடித்து நின்றாள்.

"சூப்பர்க்கா! இப்ப விட்டுடுங்க."

சம்பூர்ணம் பாரை மெதுவாகத் தோளுக்கு இறக்கினாள். தோளிலிருந்து தொடைக்கு. தொடையிலிருந்து, முழங்காலை மடக்கி, தரைக்கு. வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ரமணம்மா சிரித்துவிட்டாள். "அக்கா, கீழ ரப்பரு. பிளேட்டும் ரப்பரு. மேலேர்ந்து போட்டா ஒண்ணும் ஆகாது. போடுங்க."

மறுபடி தூக்கினாள். மறுபடி அதே மாதிரி இறக்கி வைத்தாள். விரல் விரிய மாட்டேன் என்றது.

"கைல எடுத்தத கீழ போட்டு பழக்கமில்ல மேடம்," என்றாள் சம்பூர்ணம், தலையைக் குனிந்துகொண்டு.

"பழகணும். இது தோக்கறதும் சேந்த வேலைக்கா. நூறு தடவை தூக்கினா முப்பது தடவை தப்பும். தப்பினா விட்டுட்டு வெளிய வந்துடணும். விடத் தெரியாதவங்களுக்கு நான் வெயிட் ஏத்த மாட்டேன்."

சொன்னாளே தவிர அந்தப் பிடிவாதத்தில் அவள் நிலைத்து நிற்கவில்லை. சம்பூர்ணம் அவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்டு வந்தாள். இப்போதைக்கு அவள் வழக்கம்போல மெதுவாகவே இறக்கி வைக்கட்டும் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். முப்பது, முப்பத்து மூன்று என்று ஏறியது.

வீட்டில் சின்னப்பையனுக்கு ஒரு குறை இருந்தது. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"வாரத்துல ஞாயித்துக்கிழம ஒண்ணுதான் நீ ஊட்ல இருப்பே. இப்ப அதுவும் இல்ல."

"பத்து மணிக்கெல்லாம் வந்துடறேனே?"

"வர்ற. வந்து தூங்கிடற."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அடுத்த வாரம் தூங்காமல் உட்கார்ந்திருக்கப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு. முப்பத்தெட்டு கிலோ. இடுப்புவரை சரியாக வந்த பார் மேலே போனதும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. சம்பூர்ணம் அடியில் உட்கார்ந்துவிட்டாள். பார் தலைக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

"வதிலேய் அக்கா! வதிலேய்!" என்று ரமணம்மா கத்தினாள். விட்டுவிடு என்று அர்த்தம். பக்கத்தில் நெசவுத் தெருவில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய உண்டு. சம்பூர்ணத்துக்கு அந்த வார்த்தை நன்றாகவே தெரியும். ஆனால் கை கேட்கவில்லை. பாரைப் பிடித்தபடியே பின்னால் இழுபட்டாள். வலது தோளில் துணி கிழிகிற மாதிரி ஒன்று கேட்டது.

கிழியவில்லை, தசை இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார் அவளுடைய ஆஸ்பத்திரி டாக்டரே. மூன்று வாரம் எதையும் தூக்கக் கூடாது. கைக்குத் துணித் தொட்டில் கட்டிக் கழுத்தில் மாட்டி அனுப்பினார். போகும்போது மேரி கேட்டாள், "நீ இல்லன்னா இங்க யாருடி தூக்கறது?" சம்பூர்ணத்துக்கு அழுகை வந்தது. வலியினால் இல்லை.

சின்னப்பையன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலையில் பட்டறைக்குப் போகுமுன் அவளை முக்காலியில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அதுதான் முதல் தடவை. சிக்கெடுக்கத் தெரிந்திருந்தது. நூலில் சிக்கெடுக்கிற கை.

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிச்சா சொல்லு. நீ சொல்ல மாட்டே."

பின்னலைப் பின்னி முடித்து ரப்பர் பேண்டு போட்டார். கோணலாகத்தான் வந்திருந்தது. அவள் அதை மாற்றாமல் அன்றைக்கெல்லாம் அப்படியே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு ரமணம்மா ஜிம்முக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு தைல பாட்டில். வாசலிலேயே நின்றாள்.

"தப்பு என்னுதுக்கா. விடத் தெரியலன்னா ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டு, ஏத்திட்டேன்."

"உள்ள வாங்க மேடம் மொதல்ல. வெயில்ல நின்னுக்கினு இன்னா பேச்சு."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். இடது காலை மடக்கினாள், வலது காலை நீட்டியபடியே வைத்தாள். பதினெட்டு வருடம் வார்டில் இருந்த கண்ணுக்கு அது தப்பவில்லை. சம்பூர்ணம் குனிந்து அந்த முட்டியில் கை வைத்துப் பார்த்தாள். வீங்கிச் சூடாக இருந்தது.

"எத்தினி நாளா இப்படி?"

"ஆறு வருஷம்."

ரமணம்மா சொன்னாள். ரயில்வேக்காரர்களுக்கு நடந்த ஒரு பெரிய போட்டி. நூற்று எட்டு கிலோவைத் தோளில் வாங்கிவிட்டாள். மேலே தள்ளும்போது கால் சரியாக விழவில்லை. அங்கேயே விட்டிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் முதன்முறையாக அவள் நான்னா, அவளுடைய அப்பா, கிராமத்திலிருந்து பார்க்க வந்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கண் முன்னால் கீழே போட மனசு வரவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். முட்டி திரும்பிக்கொண்டது.

"விட்டிருந்தா அடுத்த நிமிஷம் இன்னொரு தடவை தூக்கியிருக்கலாம்க்கா. விடாததால அதுவே கடைசி. நான்னா திட்டல. தூக்கினதப் பாத்தேம்மா, போதும்னாரு. அவரும் இப்ப இல்ல."

"ஆபரேஷன் பண்ணா சரியாப் போயிடுமே?"

"டாக்டருங்க சொல்லிக்கினேதான் இருக்காங்க. கூட யாரு இருப்பா? அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. அண்ணன் துபாய்ல. எப்டியோ நடக்குதில்ல, நடக்கட்டும்னு இருக்கேன்."

சின்னப்பையன் சமையலறையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்குச் சமையல் அவருடையது. கறிக்குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்து, அந்தப் பெண்ணின் தட்டில் எலும்பில்லாத துண்டுகளாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் ரமணம்மா பாயில் சுவரோரமாகச் சாய்ந்தாள். பேசிக்கொண்டிருந்தவள் பாதிப் பேச்சில் தூங்கிப் போனாள். சம்பூர்ணம் ஒற்றைக் கையால் தலையணையை எடுத்து, அந்த வலது காலை நலுங்காமல் உயர்த்தி, முட்டிக்கு அடியில் செருகினாள். சின்னப்பையன் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ரயில் எத்தினி மணிக்கு?" என்று கிசுகிசுத்தார்.

"அது கிடக்குது. தூங்கட்டும்."

தோள் சரியான பிறகு ஒரு ஞாயிறு முழுக்கக் கீழே போடுவது மட்டும்தான் பாடம் என்று ரமணம்மா முடிவு செய்தாள். இந்தத் தடவை சின்னப்பையனும் கூட வந்தார். ஞாயிற்றுக்கிழமையைப் பங்கு போட அவருக்குத் தெரிந்த வழி அதுதான். ஜிம் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். ஜெபகுமார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

இருபத்தைந்து கிலோ. சம்பூர்ணம் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். "விடுங்க" என்றாள் ரமணம்மா. விரல்கள் இறுகிக்கொண்டன. "அது நோயாளி இல்லக்கா, இரும்பு. அதுக்கு வலிக்காது" என்றாள். தெரியும் என்று தலையாட்டினாள் சம்பூர்ணம். ஆனால் விடவில்லை. நெற்றியில் வேர்வை கொட்டியது. ஜெபகுமார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

படியிலிருந்து சின்னப்பையன் எழுந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

"சம்பூர்ணம், இங்க பாரு. தொட்டியில சாயம் கொதிச்சிக்கினு இருக்கும். நூல் போட்ட கழி கைலேர்ந்து வழுக்கிச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்? கூடவே கைய உள்ள வுடுவேனா? வுட்டுட்டுப் பின்னால வந்துடுவேன். நூல அப்பறமா எடுத்துக்கலாம். கை வெந்துபோச்சின்னா எனக்கு எது கை?"

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கையை நீட்டிக் காட்டினார். அந்த வாரம் நீலம். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு தீக்காயம் இல்லாத கை. இருபது வருடமாகப் பார்த்த கைதான். அவள் அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

விரல்களைத் திறந்தாள்.

தரை அதிர்ந்தது. தூசி கிளம்பியது. சம்பூர்ணம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துள்ளு துள்ளினாள். அப்புறம் சட்டென்று குனிந்து பாரைத் தொட்டுப் பார்த்தாள்.

"அடிபட்டுச்சாக்கா அதுக்கு?" என்றாள் ரமணம்மா.

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. அது நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஜெபகுமாரும் சிரித்தான். சின்னப்பையன் மட்டும் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரியாமல் நின்றார்.

அன்றைக்கு அறுபது தடவை போட்டாள். இடுப்பிலிருந்து, தோளிலிருந்து, தலைக்கு மேலிருந்து. முன்னால் விழுந்தால் பின்னால் குதிப்பது, பின்னால் விழுந்தால் முன்னால் வந்துவிடுவது. பாதிக்கு மேல் ஒரு சின்னப் பிள்ளையின் குஷி வந்துவிட்டது. "இன்னொண்ணு மேடம், இன்னொண்ணு" என்று அவளே கேட்டாள். அதற்கப்புறம் பாருக்கு அடியில் போக அவளுக்குப் பயமே இல்லை. வெளியே வர வழி தெரிந்த இடத்துக்குள் போவதற்கு என்ன பயம்?

ஆவணிப் போட்டி ஏனாத்தூர் பக்கம் ஒரு காலேஜ் ஹாலில் நடந்தது. அவள் பிரிவில் ஐந்து பெண்கள். ஒருத்தி டீச்சர், ஒருத்தி போலீஸ், ஒருத்தி மாகறலில் டிபன் கடை வைத்திருந்தவள். உடம்போடு ஒட்டிய உடை போட வேண்டுமே என்று வாரக்கணக்கில் கவலைப்பட்டிருந்தாள் சம்பூர்ணம். ரமணம்மா கணுக்கால்வரை மூடுகிற கறுப்பு உடை ஒன்று வாங்கி வந்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது திரிஷா, "ம்மா, செம கெத்தா இருக்கேம்மா" என்று செல்போனில் படம் எடுத்தாள். சின்னப்பையன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

ஸ்நாட்சில் முதல் தடவை நாற்பது கிலோ. மேலே நின்றது. செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. அடுத்தது நாற்பத்து மூன்று. உட்கார்ந்த இடத்தில் ஒரு தள்ளாட்டம், அப்புறம் எழுந்தாள். மூன்றாவது நாற்பத்தைந்து. பார் முன்னால் போயிற்று. விட்டுவிட்டுப் பின்னால் வந்தாள். மேடையில் அது உருண்டதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழுக்காமலிருக்கக் கையில் தடவியிருந்த சுண்ணப்பொடியைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

கிளீன் அண்ட் ஜெர்க்கில் அறுபது வரை போனாள். ஐந்து பேரில் மூன்றாவது. போலீஸ்காரம்மா முதல், டிபன் கடைக்காரம்மா இரண்டாவது. சான்றிதழில் பெயரைச் சம்பூர்ணா என்று அடித்திருந்தார்கள். "ஒரு ம் போச்சி, போவட்டும்" என்றாள் அவள். கழுத்தில் வெண்கலப் பதக்கம் தொங்கியது. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ரமணம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரமணம்மா ஹால் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

சம்பூர்ணம் போய்ப் பக்கத்தில் நின்றாள். எட்டு மாதமாக மேடம் என்று கூப்பிட்டவள் அன்றைக்கு அதை மறந்துவிட்டாள்.

"நீ எப்ப ஆபரேஷன் பண்ணிக்கப் போறே?"

"பாக்கலாம்க்கா."

"பாக்கலாம் இல்ல. தேதி வாங்கு. நான் வரேன். எனக்கு இது தெரிஞ்ச வேல."

"லீவு..."

"அத நான் பாத்துக்கறேன். உனக்கு ஆளு இல்லன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காதே."

ரமணம்மா சரி என்று தலையை ஆட்டினாள்.

கார்த்திகையில் சென்னையில் ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. சம்பூர்ணம் ஆறு நாள் கூடவே இருந்தாள். ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் ரமணம்மாவைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவள் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தபடி அசைய மறுத்தாள்.

"நான் எழுபத்தஞ்சு கிலோக்கா. உங்க தோளு..."

"நான் உன்னியா கேட்டேன் எத்தினி கிலோன்னு? கையக் குடு."

அவள் கைகளை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மார்போடு சேர்த்தாள். ஆனால் பழைய மாதிரி கையால் வாரி எடுக்கவில்லை. பாதத்தைத் தரையில் அழுத்தி, காலால் எழுந்தாள். முகத்துக்குப் பக்கத்தில் முகம் இருந்ததால் ரமணம்மா அழுவது கண்ணுக்குத் தெரியவில்லை. கழுத்து நனைந்ததில்தான் தெரிந்தது.

"வலிக்குதாமா?"

"லேதக்கா. இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"என்னை யாரும் தூக்கினதில்லக்கா. சின்ன வயசுக்கப்பறம்."

சம்பூர்ணம் அவளை இன்னும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முதுகைத் தட்டிக்கொடுத்து, அவசரமில்லாமல் நடத்திக் கூட்டிப் போனாள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் அரக்கோணம் குவார்ட்டர்ஸுக்குத் தனியாக அனுப்ப மனமில்லாமல் செவிலிமேட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். திரிஷா தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்துக்கொண்டாள். ஒன்றரை மாதம் ரமணம்மா அங்கேதான் இருந்தாள். பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அவளே மெல்ல மெல்லக் காலை மடக்கி நீட்டிப் பழகுவாள். மாலையில் சின்னப்பையன் பட்டறையிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு எவ்ளோ மடங்கிச்சி?" அவள் கையால் அளந்து காட்டுவாள். ஒரு விரற்கடை கூடியிருந்தால் அவருக்குச் சந்தோஷம். அந்த வீட்டுப் பருப்புப் பொடி பிடிக்காமல், ஒருநாள் முக்காலியில் உட்கார்ந்து அவளே அவள் ஊர்ப் பொடியை இடித்துக் காட்டினாள். மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தில்.

சம்பூர்ணம் வார்டு வேலைக்குத் திரும்பினாள். இப்போதும் நோயாளிகளை அதே பொறுமையோடுதான் இறக்கி வைக்கிறாள். ஆனால் நூறு கிலோக்காரர் வந்தால் தனியாகத் தூக்குவதில்லை. "மேரி, வா. ஒருத்தி தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மேரி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். முதல் தடவை நர்சுகளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

ரமணம்மா அரக்கோணம் போய் வேலையில் சேர்ந்த பிறகு, தை மாதத்தில் முதல் ஞாயிறு மறுபடி பாடம் எடுக்க வந்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து அவள் நடக்க வேண்டாமே என்று சின்னப்பையன் மொபெட்டை எடுத்துக்கொண்டு முன்னதாகவே போய் நின்றார். பஸ் வந்தது. அவள் கைப்பிடியைப் பிடிக்காமல் இரண்டு படியும் இறங்கினாள்.

"ஏறுமா."

"வேணாம் அன்னய்யா. நடந்தே வரேன்."

"தூரமா இருக்குதே?"

"இருக்கட்டுமே!"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார். முதல் திருப்பத்தில் அவள் நின்று, அவர் வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள்.